அம்மன் குனிந்த வருடம்

மார்ச் 1, ஞாயிறு

நகைக்கடையில் இனாமாகக் கொடுத்த டைரி இது. இரண்டு மாதமாக இதன் மேல்தான் தோசைக்கல்லை இறக்கி வைத்துக்கொண்டிருந்தாள் என் மனைவி ஆவுடை. அட்டையில் வட்டமாகக் கருகிவிட்டது. உள்ளே தாளெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, எழுதலாம்.

அம்மன் கொடைத் திருவிழாவுக்கு நாள் குறித்தாயிற்று. ஏப்ரல் 17. காலைச் சப்பரத்துக்கு முன்தலை இடது தண்டு இந்த வருடமும் கோமதிநாயகம், அதாவது நான். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிறது. அம்மனிடமிருந்து ஓய்வு கிடையாது. இது முப்பத்தோராவது வருடம்.

நாலு பேர் தண்டைத் தோளில் வைத்து அம்மனை வீதி சுற்றித் தூக்குகிற சின்னச் சப்பரம். நாலு தோளும் ஒரே மட்டத்தில் இருந்தால்தான் அம்மன் நேராக உட்காருவாள். அதற்காகவே மண்டபத்து மூன்றாவது தூணில் ஒரு கோடு வெட்டியிருக்கிறது. தூக்க ஆசைப்படுகிறவன் தூணோடு ஒட்டி நிற்க வேண்டும், தோள் அந்தக் கோட்டைத் தொட வேண்டும். தொடாதவன் தேங்காய் உடைக்கப் போகலாம். அளக்கிற அதிகாரம் தலைத்தண்டுக்காரனான எனக்கு. இன்றைக்குச் செண்பகராஜ் வந்து நின்றான். “அரை விரல் கம்மி. அடுத்த வருசம் வளந்துட்டு வா” என்று அனுப்பிவிட்டேன். அவனுக்கு முப்பத்திரண்டு வயது.

போன வருடம் நடந்ததை ஊர் இன்னும் பேசி முடிக்கவில்லை. கீழ ரத வீதியில் வெல்லமண்டி தர்மக்கண் அண்ணாச்சி வீட்டு வாசலில் சப்பரம் முன்பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. “அம்மன் குனிஞ்சு எங்களப் பாத்துட்டா!” என்று அண்ணாச்சி தெருவில் விழுந்து கும்பிட்டார். அடுத்த மாதமே வெள்ளிக்குடை செய்து போட்டார். நான் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது?

மார்ச் 4, புதன்

சந்தைக்குப் போய் மூச்சுப்பொடி வாங்கி வந்தேன். மூச்சிழுப்புக்கு ஒன்பது வருடமாக அங்கே கடை போடுகிற நாட்டு வைத்தியரிடம்தான் வாங்குகிறேன். ராத்திரி தேனில் குழைத்து ஒரு சிட்டிகை, விடிவதற்குள் நெஞ்சு திறந்துவிடும். இங்கிலீஷ் மருந்துக்காரன் பிச்சை வாங்கணும்.

புது வேட்டி கட்டினேன். தரையில் இழுபடுகிறது. போன பொங்கலுக்கு எடுத்ததும் இப்படித்தான். ஜவுளிக்கடைக்காரர்களுக்கு இப்போதெல்லாம் அளவே தெரியவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

மகளிர் தினமாம். தாலுகா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து கல்யாண மண்டபத்தில் ‘எலும்புப்புரை நோய் விழிப்புணர்வு முகாம்’ போட்டார்கள். ஆவுடை போக வேண்டும் என்றாள். சுண்டல் கொடுப்பார்கள் என்று கேள்விப்பட்டு நானும் கிளம்பினேன்.

டாக்டர் பியூலா என்று ஒரு பெண். வயது முப்பத்தைந்துக்குள் இருக்கும், குரல் பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கேட்கும். மைக்கைத் தள்ளி வைத்துவிட்டே பேசினார்.

“முப்பது வயசு வரைக்கும் உடம்பு எலும்பச் சேத்து வைக்கும். அப்புறம் கொஞ்சங் கொஞ்சமாக் கரைக்கும். பொம்பளைங்களுக்கு மாதவிடாய் நின்னுட்டா இன்னும் வேகமாக் கரையும். வெளிய ஒண்ணும் தெரியாது, வலிக்காது. ஒரு நாள் பாத்ரூம்ல வழுக்கும், இடுப்பு ஒடியும், அப்பதான் தெரியும். அதுக்கு முன்னாடி முழிச்சுக்கணும். கேப்பை சாப்பிடுங்க, எள்ளு சாப்பிடுங்க, தயிர், முருங்கக்கீரை, முள்ளோட நெத்திலி. வெயில்ல நில்லுங்க. நடங்க. சீரியல் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தா எலும்பும் உக்காந்துரும்.”

பெண்கள் சிரித்தார்கள். என் வாய் சும்மா இருக்குமா? பின்வரிசையிலிருந்து, “டாக்டரம்மா, நல்ல வேளை நாங்கள்லாம் ஆம்பளையாப் பொறந்தோம். எங்க எலும்பு இரும்பு” என்றேன்.

“எலும்புப்புரை ஆம்பளை வீட்டுக்கு வராதுன்னு எந்த எலும்பு அய்யா உங்ககிட்ட சொல்லிச்சு? வாங்க, கால வைங்க. இரும்பானு பாத்துருவோம்” என்றார் அவர்.

மண்டபமே என்னைத் திரும்பிப் பார்த்தது. போகாமல் இருக்க முடியுமா? ஆவுடைக்கு முதலில் பார்த்தார்கள், அவளுக்கு நன்றாக இருந்தது. பிறகு என் குதிகாலில் கொழகொழவென்று எதையோ தடவி மெஷினுக்குள் வைத்தார்கள். நர்ஸ் திரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். “இன்னொரு கால வைங்கய்யா” என்றாள். மறுபடி திரையைப் பார்த்துவிட்டு டாக்டரைக் கூப்பிட்டாள். டாக்டர் சிரிப்பை நிறுத்திவிட்டு ஒரு சீட்டு எழுதிக் கையில் கொடுத்தார். “திருநெல்வேலி போயி முழு ஸ்கேன் எடுங்க. முதுகுக்கு ஒரு எக்ஸ்ரேயும் எடுத்துட்டு வந்து என்னப் பாருங்க. தள்ளிப் போடாதீங்க” என்று மெதுவாகச் சொன்னார். அவருக்கு மெதுவாகவும் பேச வருகிறது.

“என்ன சொன்னாவ?” என்று ஆவுடை கேட்டாள்.

“மாப்பிள்ளை எலும்பாம்” என்றேன். சுண்டலில் உப்பு போதவில்லை.

மார்ச் 9, திங்கள்

அந்த மெஷின் ரிப்பேர்.

மார்ச் 15, ஞாயிறு

இன்றைக்கு வெள்ளோட்டம். அம்மன் இடத்தில் மணல் மூட்டையை வைத்துக் கட்டி மண்டபத்தைச் சுற்றித் தூக்கிப் பார்ப்போம். முன்தலையில் இடப்பக்கம் நான், வலப்பக்கம் தளவாய். பத்தொன்பது வருடமாக என் ஜோடி அவன். பின்தலையில் எலெக்ட்ரீஷியன் அண்ணன் தம்பி இரண்டு பேர். தூக்கி நாலு எட்டு வைப்பதற்குள் மூட்டை என் பக்கம் சரிந்துவிட்டது. இறக்கி மறுபடி கட்டித் தூக்கினோம். மறுபடி சரிந்தது.

“ஆசாரி, தண்டு வளஞ்சு போச்சு வே!” என்று சத்தம் போட்டேன்.

நடராஜ ஆசாரி போன மாதம்தான் தண்டை இழைத்துக் கொடுத்திருந்தார். பையிலிருந்து மட்டம் பார்க்கிற ரசமட்டத்தை எடுத்தார். சப்பரத்தைத் தரையில் இறக்கச் சொல்லி அதன் பலகையில் வைத்தார். கண்ணாடிக்குள் குமிழி நட்ட நடுவில் நின்றது. “இப்பத் தூக்குங்க” என்றார். தூக்கினோம். குமிழி தளவாய் பக்கம் ஓடி ஓரத்தில் முட்டிக்கொண்டது. அந்தப் பக்கம் உயரம், என் பக்கம் பள்ளம் என்று அர்த்தம்.

“தண்டுல கோளாறு இல்ல அண்ணாச்சி” என்றார் ஆசாரி. என் தோளைப் பார்த்தார். அப்புறம் வாயை மூடிக்கொண்டார்.

“அப்பக் கோளாறு யாருட்ட? என்கிட்டயா? முப்பது வருசமா உளி பிடிக்கீரு, இன்னும் ஒரு கம்ப நேராச் செதுக்கத் தெரியல. இதுல குமிழி காட்டி வேடிக்க வேறயா?” என்று கத்திவிட்டேன். நாலு பேர் முன்னால் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். அவர் ரசமட்டத்தைத் துண்டால் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

தளவாய்தான் வழி சொன்னான். “விடுங்க அண்ணாச்சி. நான் லேசா முட்டிய மடக்கி நடக்கேன். மட்டம் சரியாப் போயிரும்.”

மடக்கி நடந்தான். சரியாகப் போயிற்று. ஆக, கோளாறு தளவாயிடம்தான். ஐம்பத்தெட்டு வயதில் அவன் வளர்ந்திருக்கிறான் போலிருக்கிறது.

மார்ச் 19, வியாழன்

டெப்போ நண்பர் வீட்டில் காதுகுத்து என்று ஆவுடையிடம் சொல்லிவிட்டுத் திருநெல்வேலிக்குப் போனேன். மெஷின் ரிப்பேர் என்று நிரூபிக்கத்தான் போனேன், வேறொன்றும் இல்லை.

ஒரு கட்டிலில் படுக்க வைத்து மேலே மெஷினின் கையை நகர்த்தினார்கள். வலியே கிடையாது. கடைசியில் ஒரு தாள் கொடுத்தார்கள். மைனஸ் மூன்று புள்ளி இரண்டு. மைனஸ் இரண்டரையைத் தாண்டினாலே எலும்புப்புரை என்றான் அந்தப் பையன். பள்ளிக்கூடத்தில்கூட எனக்கு மைனஸ் போட்டதில்லை, பூஜ்ஜியத்தோடு நிறுத்திக்கொள்வார்கள்.

எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். முதுகில் இரண்டு எலும்பு மட்டும் தட்டையாக இருக்கின்றன, யாரோ மேலே உட்கார்ந்த பிஸ்கட் மாதிரி.

வீட்டுக்கு வந்ததும், “காதுகுத்துல என்ன சாப்பாடு?” என்று ஆவுடை கேட்டாள். “பிஸ்கட்” என்று வாயில் வந்துவிட்டது.

மார்ச் 20, வெள்ளி

இன்று எழுத ஒன்றும் இல்லை.

மார்ச் 21, சனி

டாக்டர் பியூலா எக்ஸ்ரேயை விளக்குப் பலகையில் மாட்டிவிட்டுக் கேள்வியாகக் கேட்டார். கோர்ட்டில்கூட இப்படிக் கேட்க மாட்டார்கள்.

“கனமா எதையாவது தூக்குறப்ப முதுகுல டக்குனு ஒரு சத்தம், ஒரு சுரீர், அப்படி வந்துச்சா?”

இல்லை என்றேன்.

“அதுக்கப்புறம் ரெண்டு மூணு வாரம் புரண்டு படுக்க முடியாத வலி?”

இல்லை என்றேன்.

“உயரம் குறைஞ்ச மாதிரி இருக்கா? வேட்டி தரையில இழுபடுதா?”

“ஜவுளிக்கடைக்காரன் சரியில்ல” என்றேன்.

அவர் அதைச் சீட்டில் எழுதிக்கொண்டார். பிறகு இழுப்புக்கு என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டார். பொடியைக் காட்டினேன். முகர்ந்து பார்த்தார்.

“ஒரே ராத்திரியில சரியாயிருதா? எந்த வேருக்கும் அவ்வளவு வேகம் கிடையாதுய்யா. இதுல ஸ்டீராய்டு மாத்திரையப் பொடிச்சுக் கலந்திருப்பாங்கன்னு நினைக்கிறேன். வருசக்கணக்கா அதச் சாப்பிட்டா எலும்ப அரிச்சுரும். இதச் சோதனைக்கு அனுப்புறேன். ஆனா ஒண்ணு, கோவத்துல நீங்களாச் சட்டுனு நிறுத்திராதீங்க. ஒன்பது வருசம் சாப்பிட்ட உடம்பு, திடீர்னு விட்டா மயக்கம் போட்டு உயிருக்கே ஆபத்தாயிரும். நான் அளவாக் குறைச்சு நிறுத்துறேன். இழுப்புக்கு உறிஞ்சுற மருந்து தரேன்.”

ரத்தம் எடுத்தார்கள். வாரத்துக்கு ஒன்றாக ஒரு மாத்திரை, தினம் ஒன்றாகச் சுண்ணாம்புச்சத்து மாத்திரை. எப்படிச் சாப்பிட வேண்டும் என்று நர்ஸ் நீளமாகச் சொன்னாள். நான் அப்போது கொடைக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

“பத்து கிலோவுக்கு மேல தூக்கக் கூடாது. குனிஞ்சு எதையும் தூக்கவே கூடாது. இன்னொண்ணு நசுங்குச்சுன்னா நடை போயிரலாம். என்ன வேலை பாக்குறீங்க?”

“ரிட்டயர்டு” என்றேன். சப்பரம் தூக்குவதைச் சொல்லவில்லை. அது வேலை இல்லையே.

மாத்திரைகளைப் பழைய கண்டக்டர் பைக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன். அதை ஆவுடை தொட மாட்டாள், தோல் நாற்றம் அவளுக்கு ஆகாது.

மார்ச் 26, வியாழன்

வார மாத்திரையைத் தொடங்கினேன். எல்லாம் எலும்புக்குத்தானே என்று வார மாத்திரை, சுண்ணாம்பு மாத்திரை இரண்டையும் ஒரே வாயில் போட்டு ஒரு டம்ளர் பாலும் குடித்தேன். பாலும் எலும்புக்கு நல்லதுதானே? மும்மடங்கு பலம். பிறகு சற்று நேரம் படுத்தேன்.

நெஞ்சு எரிந்தது பாருங்கள், அடுப்பை விழுங்கிய மாதிரி! ஆவுடை வாயு என்று இஞ்சி தட்டிக் கொடுத்தாள். அது இன்னும் எரிந்தது.

ஏப்ரல் 2, வியாழன்

“மாத்திரைய எப்படிச் சாப்பிட்டீங்க?” என்று டாக்டர் கேட்டார். சொன்னேன். எழுந்து நின்றுவிட்டார்.

“அய்யா! பாலும் சுண்ணாம்பு மாத்திரையும் சேந்தா அந்த மாத்திரை உடம்புல ஏறவே ஏறாது. படுத்தா தொண்டக்குழாய அது புண்ணாக்கிரும். காலைல எந்திரிச்சதும் வெறும் வயித்துல, ஒரு டம்ளர் பச்சத்தண்ணியில முழுங்கணும். அரை மணி நேரம் படுக்கக் கூடாது, குனியக் கூடாது. உக்காருங்க, இல்ல நில்லுங்க, நேரா. அதுவரைக்கும் காப்பி, பால், பலகாரம் எதுவும் கிடையாது. சுண்ணாம்பு மாத்திரை அப்புறமா, சாப்பாட்டோட. பஸ்ல ஏறுறவங்கள வரிசையா ஏறுங்கன்னு எத்தன வருசம் கத்தியிருப்பீங்க? மாத்திரைக்கும் அப்படித்தான்.”

ஒரு வாரம் நெஞ்சுக்கு மருந்து, அது ஆறின பிறகுதான் அடுத்த வார மாத்திரை என்றார். பொடியின் சோதனை முடிவும் வந்திருந்தது. ஸ்டீராய்டுதான். சந்தேகத்திலேயே நேற்று சந்தையில் தேடினேன், வைத்தியரைக் காணோம். அகப்பட்டிருந்தால் அவர் எலும்பு பலத்தையும் சோதித்திருப்பேன்.

ஏப்ரல் 5, ஞாயிறு

தோளில் தண்டு அழுத்தாமல் இருக்க ஒரு துணித் திண்டு வைத்துக்கொள்வோம். வருடா வருடம் ஆவுடைதான் தைப்பாள். இந்த வருடம் நாலு விரல் கனத்துக்குத் தைக்கச் சொன்னேன். தளவாய்க்கு முட்டி வீங்கிவிட்டது, பாவம். திண்டு கனமாக இருந்தால் அவன் மடக்க வேண்டாம். அவனுக்காகத்தான் கேட்டேன்.

“தைக்க மாட்டேன்” என்றாள்.

“ஏன்?”

அவள் டிரங்குப் பெட்டியைத் திறந்து பழைய திண்டுகளை எடுத்து வந்து என் முன்னால் வரிசையாக வைத்தாள். தூக்கிப் போடாமல் எல்லாவற்றையும் வைத்திருக்கிறாள் என்பதே எனக்குத் தெரியாது. முதல் இருபத்தேழும் ஒரு விரல் கனம். அடுத்தது ஒன்றரை. அதற்கடுத்த இரண்டும் இரண்டு விரல்.

“வருசா வருசம் ‘இன்னும் கொஞ்சம் கனமாத் தையி’ன்னு நீங்கதான் சொன்னிய. தோளு வலிக்குன்னு நெனச்சேன். போன வருசம் கொடை முடிஞ்சு ஒரு மாசம் செவத்தப் புடிச்சுக்கிட்டுத்தான எந்திரிச்சிய? கேட்டா பாய் சரியில்லன்னு சொன்னிய. வேட்டி இழுபட்டாக் கடைக்காரன் சரியில்ல, சப்பரம் சாஞ்சா ஆசாரி சரியில்ல. முப்பத்தாறு வருசமா ஒங்க பக்கத்துல நிக்கேன். என் தலை ஒங்க காது மட்டத்துக்கு எப்ப வந்துச்சுன்னு எனக்குத் தெரியாதா?”

“ஏட்டி, சும்மா எதையாவது...”

“கண்டக்டர் பைக்குள்ள இருக்க மாத்திரையும் தெரியும். டாக்டரம்மாகிட்டயே போயிக் கேட்டுட்டேன். சப்பரம் தூக்குறவருன்னு சொன்னதும் அந்தப் புள்ள தலையில கைய வச்சுட்டு.”

அவள் இரண்டு விரல் திண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“நீங்க ஒடிஞ்சு விழுந்தா நான் பாத்துக்கிடுவேன். பீ, மூத்திரம் அள்ளுவேன், அது எனக்குப் பெரிசில்ல. நடுத்தெருவுல ஒங்க முதுகு விட்டுப் போயி, தண்டு தளவாய் மேல விழுந்தா? அவன் மகளுக்கு வர்ற தை மாசம் கல்யாணம். அவன் பொண்டாட்டி மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்? எனக்குப் பயமா இருக்குங்க.”

ஆவுடை பயம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. பாம்பு வந்தால்கூட அவள்தான் அடிப்பாள், நான் விளக்குப் பிடிப்பேன்.

ஏப்ரல் 6, திங்கள்

அவளோடு பேச்சில்லை. நானே ஊசியும் நூலும் எடுத்துத் திண்டு தைத்தேன். வேட்டியோடு சேர்த்துத் தைத்துவிட்டேன். எழுந்தபோது கிழிந்தது.

அவள் குளியலறைப் பாசியைத் தேய்த்துக் கழுவினாள். வழுக்காத ரப்பர் விரிப்பு போட்டாள். நடையில் பெரிய பல்பு மாட்டினாள். என்னிடம் பேசாமலேயே கேப்பைக்களி வைத்தாள், பக்கத்தில் எள்ளுத் துவையல். நானும் பேசாமலேயே சாப்பிட்டேன்.

ஏப்ரல் 8, புதன்

மத்தியானம் கோயிலில் யாரும் இல்லாத நேரம் பார்த்துப் போனேன். மூன்றாவது தூணோடு முதுகை ஒட்டி நின்றேன். முப்பது வருடமாக எத்தனையோ பேரை நிற்க வைத்து அளந்திருக்கிறேன். அளக்கிறவனை யாரும் அளந்ததில்லை.

கோடு என் காதுக்குப் பக்கத்தில் இருக்கிற மாதிரித் தோன்றியது. கையை வைத்துப் பார்த்தேன். தோளுக்கு மேலே இரண்டரை விரல்.

அம்மனைப் பார்த்து, “ஒனக்கும் தெரியுமாட்டி?” என்று கேட்டேன். அவள் எப்போதும் போல வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன வருடம் தர்மக்கண் அண்ணாச்சி வீட்டு வாசலில் முதுகுக்குள் டக்கென்றது. கண்ணில் பூச்சி பறந்தது. இடது கால் மடங்கிவிட்டது, தளவாய் சமாளித்துத் தூக்கிக்கொண்டான். ஊர் குலவையிட்டது. அந்தக் குலவைக்கு நடுவில் யாரிடம் போய் என்ன சொல்வது? அதை இன்றைக்குத்தான் எழுதுகிறேன்.

ஏப்ரல் 9, வியாழன்

முதலில் ஆசாரி பட்டறைக்குப் போனேன். கதவு நிலை ஒன்றை இழைத்துக்கொண்டிருந்தார்.

“ஆசாரி, அன்னைக்கு நான் பேசினது தப்பு. ஒம்ம தண்டு நேராத்தான் இருக்கு. நான்தான் குறுகிட்டேன்.”

“தெரியும் அண்ணாச்சி. குமிழி அப்பமே சொல்லிட்டு.”

“தெரிஞ்சுமா பேசாம போனீரு?”

“நாலு பேர் நின்னாங்க. ரசமட்டத்துக்கு வெக்கம் கெடையாது, மனுசனுக்கு உண்டுல்லா” என்றார். கருப்பட்டிக் காப்பி கொடுத்தார். என்னால் குடிக்கவே முடியவில்லை, அழுகை முட்டி வாய் கோணிக்கொண்டு வந்தது.

பிறகு தளவாயிடம் போய், “மூச்சு வாங்குதுலே, இந்த வருசம் நான் தண்டு புடிக்கல” என்றேன். மூச்சு என்பது பாதி உண்மை. முழுசாகச் சொல்ல வாய் வரவில்லை. செண்பகராஜைக் கூப்பிட்டு அரை விரல் கூடுதலான திண்டோடு என் இடத்தில் நிறுத்தினோம். ரசமட்டத்தில் குமிழி நடுவில் நின்றது. எனக்குச் சந்தோஷமாக இல்லை. அதற்காகப் பொய் எழுத முடியாது.

“அண்ணாச்சி சும்மா நிக்கப்படாது. முன்னால நடந்து திருப்பம் சொல்லட்டும்” என்றான் தளவாய். வீட்டில் வந்து சொன்னேன். ஆவுடை உள்ளே போய்க் கண்டக்டர் பையிலிருந்து என் விசிலை எடுத்து வந்து புளி போட்டு விளக்கினாள்.

ஏப்ரல் 17, வெள்ளி

காலை ஏழு மணிக்குச் சப்பரம் கிளம்பியது. டபுள் விசில் கொடுத்தேன், “போலாம் ரைட்!” ஊரே சிரித்தது. பூசாரி மட்டும் முறைத்தார். திருப்பத்தில் ஒற்றை விசில், “ஹோல்டான்!” பள்ளத்தில், “இடது பாத்து, இடது பாத்து!” அம்மன் என் வாழ்நாளில் இவ்வளவு பத்திரமாகப் பயணம் செய்ததில்லை. டிக்கெட் மட்டும்தான் கிழிக்கவில்லை.

கீழ ரத வீதி வந்தது. தர்மக்கண் அண்ணாச்சி வீட்டு வாசலில் பெரிய கோலம். அண்ணாச்சி கைகூப்பி நிற்கிறார், அவர் மனைவி ராஜக்கனி மதினி ஆரத்தித் தட்டோடு நிற்கிறார். இரண்டு பேரும் அண்ணாந்து அம்மன் முகத்தையே பார்க்கிறார்கள். சப்பரம் நின்றது. நேராக நின்றது. குண்டூசி அளவுகூடச் சாயவில்லை.

“என்ன கோமதி, அம்மன் இந்த வருசம் குனியலயே?” என்றார் அண்ணாச்சி. குரல் உடைந்திருந்தது.

கூட்டத்தில் யாரோ முணுமுணுத்தார்கள், இவர்கள் வீட்டில் என்னவோ குறை என்று. ராஜக்கனி மதினி ஆரத்தித் தட்டைத் திண்ணையில் வைத்துவிட்டார்.

“நான்தான் பாவி. மாசியில ரெண்டு வெள்ளிக்கெழம வெரதத்த விட்டுட்டேன். முதுகு வலி, எந்திரிக்க முடியல. அதான் மொகத்தத் திருப்பிட்டா” என்று அழ ஆரம்பித்துவிட்டார்.

ஆவுடை பெண்கள் வரிசையில் நின்றாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. பார்த்து முறைத்திருந்தால் அந்த வீம்பிலேயே வாயை மூடிக்கொண்டு தப்பித்திருப்பேன்.

விசிலை வாயிலிருந்து எடுத்தேன்.

“மதினி, அழாதிய. அம்மனுக்கு ஒங்க மேல ஒரு கோவமும் இல்ல. போன வருசம் குனிஞ்சது அம்மன் இல்ல. நான்தான். இந்த வாசல்ல வச்சு என் முதுகெலும்பு நசுங்கிப் போச்சு. கால் மடங்குச்சு, சப்பரம் சாஞ்சுது. வெக்கப்பட்டுக்கிட்டு ஒரு வருசமா வாயத் தொறக்கல. எனக்கு எலும்புப்புரை. ஆம்பளைக்கும் வரும்.”

மேளக்காரர்கூட நிறுத்திவிட்டார். என் காது சுட்டது.

தண்டுக்கு அடியிலிருந்து தளவாய்தான் வாயைத் திறந்தான். “அப்ப ஒரு மாசமா என் முட்டிய மடக்க வச்சது இதுக்குத்தானா? நல்லா இருப்பிய அண்ணாச்சி! பேசி முடிச்சாச்சுன்னா விசில ஊதுங்க, தோளு எரியுது.”

முதலில் சிரித்தது ஆசாரி. பிறகு தெருவே சிரித்தது. அண்ணாச்சி மட்டும் வெள்ளிக்குடையைப் பார்த்தார். “அப்ப இந்தக் குடை?” என்றார்.

“அது அவளுக்குப் புடிச்சுப் போச்சு அண்ணாச்சி. இனி கேட்டாலும் தர மாட்டா” என்றேன். டபுள் விசில் கொடுத்தேன்.

சப்பரம் நகர்ந்த பிறகு திரும்பிப் பார்த்தேன். ராஜக்கனி மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆவுடையிடம் என்னவோ கேட்டுக்கொண்டிருந்தார். மதினிக்கு மேல்முதுகு வளைந்திருப்பதை இத்தனை வருடம் பக்தி என்றுதான் நினைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து கேட்டேன்.

“சேல முந்தி ரெண்டு வருசமாத் தரையில இழுபடுதாம். அந்த மெஷின் மறுபடியும் எப்ப வரும்னு கேட்டாவ” என்றாள் ஆவுடை.

ஏப்ரல் 23, வியாழன்

ஆவுடையும் ராஜக்கனி மதினியும் நேற்று ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தார்கள். மதினிக்கும் இருக்கிறது, மைனஸ் இரண்டு புள்ளி எட்டு. “ஒங்கள விட நான் தேவல” என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அடுத்த ஞாயிறு டாக்டர் பியூலா கோயில் மண்டபத்திலேயே மெஷினை வைக்கிறார். சப்பரம் தூக்குகிறவர்கள் எல்லோரும் முதலில் அதில் காலை வைக்க வேண்டும், பிறகுதான் தூண். இது என் உத்தரவு. தலைத்தண்டு போனாலும் அதிகாரத்தை விட முடியுமா?

நெஞ்செரிச்சல் ஆறிவிட்டது. காலை ஆறு மணிக்கு வெறும் வயிற்றில் வார மாத்திரை, ஒரு டம்ளர் பச்சைத்தண்ணீர். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கினேன், டாக்டர் சொன்ன பயிற்சி. இருபது முறை முடிந்தது. கடிகாரம் நகரவே இல்லை. ஆவுடை எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து ஆற்றி ஆற்றிக் காப்பி குடித்தாள். வாசனை மூக்கைத் துளைத்தது.

“ஒரு வாய் குடுத்தா என்னட்டி?”

“இன்னும் பதினோரு நிமிசம் கெடக்கு. நேரா நில்லுங்க” என்றாள்.

நின்றேன்.